மந்தம் என்று சொல்லுமுன்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாணவர் பதிவேடு ஒன்று உண்டு. ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே, அப்பிள்ளையின் படிப்பையும் பண்பையும் பற்றி இரண்டொரு சொல் எழுதி வைப்பது வழக்கம். சென்ற ஆண்டு ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் பெயருக்கு எதிரே, "மந்த புத்தி, முரட்டுக் குணம், ஓரிடத்தில் இருப்பதில்லை" என்று நம் கையாலேயே எழுதினோம். எழுதிப் பேனாவை மூடியபோது, கடமையைச் செய்துவிட்ட நிறைவு நமக்கு இருந்தது. அந்த நிறைவை நினைத்து இன்று நாணுகிறோம். காரணத்தை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை என்று கருதி, இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

அச்சிறுவனின் பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து பத்தாண்டு ஆகிறது. தகப்பனார், பழைய பாட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை உருக்கிக் கட்டியாக வார்க்கும் கொட்டகை ஒன்றில் கூலி வேலை செய்பவர். குடியிருப்பது ஒற்றை அறை. மாலையில் வேலைச் சட்டையோடு வீடு திரும்பியதும் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். அச்சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டுதான் மகன் உறங்குவான். அப்பாவின் சட்டை இல்லாவிட்டால் அவனுக்கு உறக்கம் வராது. இவையெல்லாம் பின்னால் நாம் அறிந்தவை. வகுப்பில் நாம் கண்டவை வேறு. பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவான். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் எழுந்து ஓடுவான். சென்ற வாரம் கற்ற எழுத்தை இந்த வாரம் மறந்திருப்பான். காரணமின்றிச் சினந்து அழுவான். கண்டதை எழுதினோம், காரணத்தைத் தேடவில்லை.

சிறுவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது, மலச்சிக்கலும் இருந்தது. பூச்சி மருந்தும் கசாயமும் கொடுத்துப் பார்த்துத் தீராமல், நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே இருந்த இளம் மருத்துவர் பையனின் கண்ணிமையை விலக்கிப் பார்த்து, இரத்த சோகை என்று கண்டு, அடுத்தபடியாகக் கேட்ட கேள்வி இது: "தகப்பனாருக்கு என்ன வேலை?" ஓராண்டுக் காலம் அப்பையனை வாரந்தோறும் கண்டும் நாம் கேட்காத கேள்வி அது. இரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில், அதாவது நூறு மில்லி இரத்தத்தில், 38 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைப்படி, இந்த அளவு 5 மைக்ரோகிராமை எட்டினாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும்.

தகப்பனார் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "ஐயா, பையனுடைய மூளைக்குள்ளே ஈயம் போயிருக்கிறது என்கிறார்களே, அதை வெளியே எடுக்க முடியாதா?" என்று கேட்டார். நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் பின்னர் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இச்செய்தி வகுப்புக்கு வரும் தாய்மார்களிடையே பரவியதும், முதிய அம்மையார் ஒருவர், "ஈயச் சொம்பில்தானே நாற்பது வருஷமாக ரசம் வைக்கிறேன், அப்படியானால் என் பிள்ளைகளுக்கெல்லாம் நஞ்சையா ஊற்றினேன்?" என்று கலங்கிப் போனார். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசச் சொம்பு வார்ப்பதும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயத்தால். அது காரீயத்தைப் போல் மூளையைக் கெடுக்கும் பொருளன்று. காரீயம் கருமை கலந்த சாம்பல் நிறமுடையது, எடையில் கனமானது, காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும். பாட்டரித் தகட்டிலும், பழைய வண்ணப் பூச்சிலும், பற்றவைக்கும் பொடியீயத்திலும் இருப்பது இதுவே.

அம்மையார் ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் முழுதும் கவலையற்றிருக்க இயலாது. வெள்ளீயத்தின் விலை மிகுதி. காரீயத்தின் விலை குறைவு. விலை குறைந்ததை விலை மிகுந்ததோடு கலக்கும் ஆசை வணிகரில் சிலருக்கு உண்டாவது இயல்பே. அப்படிக் கலந்த சொம்பில் புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்க வைத்தால், புளியின் புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்க்கும். ஆதலின், மாட்டுங்காவில் வாங்கினாலும் கும்பகோணத்தில் வாங்கினாலும், எடைக்கு எடை மலிவாகக் கிடைக்கும் ஈயச் சொம்பை ஐயத்தோடு பார்ப்பது நலம். கண்ணால் மட்டும் கண்டு தூய்மையை உறுதி செய்ய இயலாது; சோதனைச் சாலையில்தான் இயலும். கழிவு உலோகத்தை உருக்கி வார்த்த மலிவான அலுமினியப் பாத்திரங்களிலும் இக்கலப்பு இருப்பதுண்டு.

இனி, அந்த உலோகம் உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் உடல் காரீயத்தைப் பகையென்று அடையாளம் காண்பதில்லை. சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் என்று மயங்கி அதை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. மூளையில் ஒரு நரம்பணு மற்றோர் அணுவுக்குச் செய்தி அனுப்பும்போது, வாயிலைத் திறந்து மூடும் வேலையைக் கால்சியமே செய்கிறது. அவ்வாயிலில் காவலன் வேடத்தில் கள்வன் நின்றால் என்னாகும்? போக வேண்டிய செய்தி போகாது. போகக் கூடாத நேரத்தில் போகும். வளர்ந்து முடிந்த மூளைக்கு இது கேடு. ஒவ்வொரு நாளும் புதிய இணைப்புகளை அமைத்துக்கொண்டிருக்கும் குழந்தையின் மூளைக்கோ இது அடித்தளத்தில் நேரும் கேடு.

அதிலும் ஓர் அநீதி உண்டு. விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்றுக்கொள்வதைப்போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. தவழ்வதும், கண்டதை வாயில் வைப்பதும், கைவிரலைச் சூப்புவதும் அதன் பருவத்துக்குரிய இயல்பு. இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த உடல் காரீயத்தை மேலும் மிகுதியாக இழுத்துக்கொள்ளும். எனவே ஏழைக் குழந்தையின் உடலே இந்நஞ்சுக்கு வாயிலை அகலத் திறந்து வைத்திருக்கிறது. இரத்தத்தில் சில வாரங்களே தங்கும் காரீயம், எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கருவுற்ற தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து கருவுக்குச் செல்லும்போது, தாய் சிறுமியாக இருந்தபோது உட்கொண்ட காரீயமும் உடன் செல்லும்.

காரீயம் மனத்தைக் கலைக்கும் என்பது இன்று நேற்று அறிந்ததன்று. 1839-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் டாங்கரெல் என்பவர், காரீயத் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து ஒரு பெருநூல் எழுதினார். வயிற்றுவலி, கைவாதம் ஆகியவற்றோடு சித்தப் பிரமையும் வலிப்பும் இந்நோயின் கூறுகள் என்று அதில் பதிந்தார். 1904-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்ஸன், தம்மிடம் வந்த குழந்தைகளின் நோய்க்கு அவர்கள் வீட்டுத் தாழ்வாரக் கைப்பிடிகளில் பூசியிருந்த காரீய வண்ணமே காரணம் என்று எடுத்துரைத்தார். வெயிலில் பொடிந்து உதிர்ந்த வண்ணம் பிள்ளைகளின் விரலில் ஒட்டி வாய்க்குச் சென்றது.

1924 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் பேவே என்னும் இடத்து எண்ணெய் ஆலையில் நிகழ்ந்ததைக் கேட்டால் உள்ளம் நடுங்கும். பெட்ரோலில் கலப்பதற்காகக் காரீயச் சேர்மம் ஒன்றை அங்கே தயாரித்தார்கள். அதன் ஆவியை மூச்சில் வாங்கிய தொழிலாளர் பலர் சில நாட்களுக்குள் அறிவு திரிந்தார்கள். இல்லாததைக் கண்டு அலறினார்கள். அவர்களைக் கட்டிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. ஐவர் மாண்டனர். அதே பொருளைத் தயாரித்த மற்றோர் ஆலையில், கண்ணெதிரே இல்லாத பூச்சிகளைத் தொழிலாளர்கள் கையால் விரட்டிக்கொண்டிருந்தமையால், அக்கட்டடத்துக்கே 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்று பெயர் வந்தது. இத்தனையும் அறிந்த பின்னரும், அப்பொருளைப் பெட்ரோலில் கலந்து உலகத்து வீதிகளெல்லாம் புகையாக விட்டார்கள். இந்தியாவில் அது 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. மும்பைக்கு 1970-களிலும் 80-களிலும் வந்து குடியேறிய நம்மவர் பிள்ளைகள் அப்புகையிலேதான் வளர்ந்தார்கள்.

இவை கடுமையான நஞ்சூட்டத்தின் கதைகள். நமக்குப் பெரிதும் வேண்டிய பாடம் 1943-இல் கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம், காரீய நோயால் வலிப்பு வந்த குழந்தை பிழைத்து எழுந்துவிட்டால் முற்றும் குணமாயிற்று என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். பாஸ்டன் நகரத்தில் பையர்ஸ் என்னும் மருத்துவரும் லார்ட் என்னும் உளவியல் அம்மையாரும், அவ்வாறு குணமாகி வீடு திரும்பிய 20 குழந்தைகளைப் பின்தொடர்ந்து சென்று பார்த்தார்கள். அவர்களில் ஒரே ஒரு குழந்தைதான் பள்ளியில் செம்மையாக முன்னேறியது. மற்ற 19 குழந்தைகளும் படிப்பில் தடுமாறின. பல, பொறுமையிழந்து பிறரைத் தாக்குவனவாக இருந்தன. நோய் போயிருந்தது, அதன் தடம் போகவில்லை. அக்குழந்தைகளின் ஆசிரியர்களும் நம்மைப்போல் 'மந்தம்', 'முரடு' என்றே எழுதியிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நோய் என்று வெளிப்படாத குழந்தைகளின் நிலை என்ன? 1979-இல் நீடில்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் இதற்கு எளியதோர் வழி கண்டார். முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்தார். எலும்பைப்போல் பல்லும் காரீயத்தைச் சேமித்து வைக்கும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி, யாருடைய பல்லில் எவ்வளவு என்பதை அறியாத ஆசிரியர்களே கருத்துத் தெரிவித்தார்கள். பல்லில் காரீயம் ஏற ஏற, 'கவனம் சிதறுகிறது', 'தொடங்கியதை முடிப்பதில்லை', 'சொன்னபடி செய்வதில்லை' என்னும் குறைகளும் படிப்படியாக ஏறின. அவர்களில் யாரும் நோயாளியாகக் கருதப்பட்டவரல்லர்.

இது அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டா. நம் சென்னையிலேயே, ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினரும் அமெரிக்க ஆய்வாளரும் சேர்ந்து, 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் இரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. அளவு மிகுந்த பிள்ளைகளிடம் மனக் கலக்கமும், பிறரோடு பழகுவதில் இடர்ப்பாடும், கவனக் குறைவும் மிகுந்திருந்ததை ஆசிரியர்கள் அளித்த மதிப்பீடுகள் காட்டின. இந்திய நகரங்கள் பலவற்றில் 1990-களின் பிற்பகுதியில் நடந்த பெரியதோர் சோதனையில், குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தனர். பெட்ரோலிலிருந்து காரீயம் நீங்கியபின் நிலை திருந்தியது உண்மை. ஆயினும் 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட கணிப்பின்படி, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், அதாவது 80 கோடிப் பேர் வரை, 5 மைக்ரோகிராம் அளவையோ அதற்கு மேற்பட்ட அளவையோ கொண்டிருந்தார்கள்.

பிள்ளைப் பருவத்தோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், பிறந்தது முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 157 பேரை வளர்ந்தபின் படமெடுத்துப் பார்த்தார்கள். சிறுவயதில் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தவர்களுக்கு மூளையின் முன்பகுதியில் சதை குறைந்திருந்தது. 2008-இல் இது வெளிவந்தது. சினத்தை அடக்குவதும், பின்விளைவை எண்ணிப் பார்ப்பதும் அம்முன்பகுதியின் பணிகளாகும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 11 வயதில் சோதிக்கப்பட்ட 579 பேரை 38 வயது வரை தொடர்ந்து கண்டவர்கள் 2019-இல் முடிவு கூறினார்கள். சிறுவயதில் காரீயம் மிகுந்திருந்தவர்களிடம் வளர்ந்தபின் மன நோய்க்குரிய குறிகள் சற்று மிகுந்திருந்தன. எளிதில் கலங்கும் இயல்பும் சற்று மிகுந்திருந்தது. அந்நகரில் செல்வர் பிள்ளை, வறியோர் பிள்ளை என்ற வேறுபாடின்றி எல்லாரும் பெட்ரோல் புகையை உட்கொண்டிருந்தமையால், 'இது வறுமையின் விளைவு' என்று சொல்லித் தப்ப வழியில்லை. அமெரிக்காவில் 20 முதல் 39 வயதுள்ள ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. இரத்தத்தில் காரீயம் மிகுந்த ஐந்தில் ஒரு பங்கினரிடம், அது மிகக் குறைந்த பங்கினரைக் காட்டிலும், ஆழ்ந்த மனச்சோர்வு இருமடங்குக்கு மேல் காணப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மனச்சோர்வுக்கும் பிடிவாதத்துக்கும் காரணம் ஒன்றல்ல, பல. பிறப்பியல்பு உண்டு, வீட்டுச் சூழல் உண்டு, பசி உண்டு, ஊர் விட்டு ஊர் வந்த தனிமை உண்டு. குறும்பு செய்யும் பிள்ளைகளின் இரத்தத்திலெல்லாம் காரீயம் இருக்கும் என்று எண்ணுவது பேதைமை. நம் வகுப்புச் சிறுவனிடத்திலும், இக்குணம் காரீயத்தால் வந்தது, இக்குணம் இயல்பாய் வந்தது என்று பிரித்துக் காட்ட எந்த மருத்துவராலும் இயலாது. நாம் சொல்வது இவ்வளவே: ஒரு குழந்தையின் குணத்தைக் குற்றமாக எழுதுமுன், அதன் உடலுக்குள் என்ன சென்றுகொண்டிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். காரணங்கள் பலவற்றுள் இது ஒன்றுதான். ஆனால் முற்றிலும் தடுத்துவிடக்கூடிய காரணம்.

தடுக்க முடியும் என்பதற்கு அண்டை நாடே சான்று. வங்காள தேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பான நிறம் ஏற்ற, காரீயக் குரோமேட் என்னும் மஞ்சள் சாயத்தை வணிகர்கள் பூசி வந்தார்கள். 2019-இல் ஆய்வாளர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். அரசு எச்சரிக்கை ஒட்டியது. டாக்கா நகரத்து மொத்தச் சந்தையில் சோதனை நடத்தித் தண்டம் விதித்தது. 2019-இல் சோதித்த மாதிரிகளில் 47 விழுக்காட்டில் இருந்த அக்கலப்படம், 2021-இல் ஒன்றிலும் காணப்படவில்லை. இரண்டே ஆண்டு! நம் நாட்டிலும் வீட்டு வண்ணப் பூச்சில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்று 2016-இல் விதி செய்யப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய பாட்டரிகளைக் கையாளுவதற்கு 2001-லேயே விதி வந்தது. 2022-இல் புதிய விதியும் வந்தது. விதி ஏட்டில் இருக்கிறது. கொட்டகையில் புகை இருக்கிறது. இடைவெளியில் இருப்பவர்கள் நம் குழந்தைகள்.

இல்லத்தரசியர் தம் கைக்குள் இருப்பதைச் செய்யலாம். மஞ்சளைக் கிழங்காக வாங்குங்கள். கண்ணைப் பறிக்கும் பளபளப்பை விட்டு, மங்கலான தோலுள்ளதைத் தேர்ந்து வீட்டிலே அரைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் சுர்மாவைக் குழந்தையின் கண்ணுக்கு இடாதீர்கள். அது பெரும்பாலும் காரீயக் கல்லின் பொடியே. நம் பாட்டிமார் விளக்குப் புகையில் பிடித்த மையும் இதுவும் ஒன்றல்ல. ஊர் பேர் தெரியாத பொட்டலச் செந்தூரத்தையும் தவிருங்கள். வாடகை வீட்டின் பழைய சன்னல் வண்ணம் உதிர்ந்தால் உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள்; ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். தரையைப் பெருக்குவதைக் காட்டிலும் ஈரத்தால் மெழுகித் துடைப்பது மேல். உண்ணுமுன் பிள்ளையின் கையைக் கழுவுங்கள். வெறும் வயிற்றோடு நெடுநேரம் விடாதீர்கள். பசித்த குடல் காரீயத்தை மிகுதியாக ஏற்கும். கேழ்வரகு, கீரை, எள், பருப்பு, நெல்லிக்காய் ஆகிய நம் வீட்டுப் பொருள்களே இரும்பும் சுண்ணாம்பும் சேர்த்து நஞ்சின் வாயிலைச் சற்றே மூடுகின்றன. ஐயம் தோன்றினால் இரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். அது ஒன்றே உறுதியான வழி.

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். வெளியே எடுக்க முடியாதா? 45 மைக்ரோகிராமை எட்டினால் காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள். அதற்குக் கீழே, மேலும் உள்ளே போகாமல் நிறுத்துவதே முதன்மையான மருந்து. உள்ளே புகுந்தது மெல்ல மெல்லக் குறையும். மூளையில் நேர்ந்தது அனைத்தும் மீளும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நல்லுணவும், அன்பும், பொறுமையான பயிற்சியும் பெறும் குழந்தையின் மூளை தன் வழியைத் தேடிக்கொள்ளும் ஆற்றல் உடையது.

இதைக் கேட்ட தகப்பனார் செய்தது நம் நெஞ்சை உலுக்கிற்று. அன்று முதல் அவர் மகனைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்தால் வாயிற்படியிலேயே உட்கார்ந்துகொள்வார். பையன் ஓடி வந்தால் மனைவியை அழைத்து, "அவனைப் பிடி, பிடி" என்று கத்துவார். தாம்தான் மகனைக் கெடுத்தோம் என்று அவருக்குள் ஒரு முள். பையனோ, அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று எண்ணி முன்னிலும் மிகுதியாக அழுதான். நஞ்சின் வேலை போதாதென்று, நஞ்சைப் பற்றிய அச்சமும் ஒரு வேலை செய்தது.

"அண்ணாச்சி, நீங்கள் வேலையை விட வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் வேலைச் சட்டையை வேலை செய்யும் இடத்திலேயே விட்டுவிட்டுக் குளித்து வாருங்கள். குளித்தபின் பிள்ளையைத் தூக்குவதை எந்த மருத்துவரும் தடுக்கவில்லை" என்று எடுத்துச் சொன்னோம். குளிப்பதற்கு அங்கே தண்ணீர் ஏது? கொட்டகை முதலாளியிடம் சங்கத்தார் மூவர் சென்று கேட்டோம். முதல் முறை உட்காரவும் சொல்லவில்லை. மூன்றாம் முறை, குழாயை நீங்களே போட்டுக்கொண்டால் தடையில்லை என்றார். அப்படியே போட்டோம். மாற்றுச் சட்டைக்கு ஆணி அடித்த பலகை ஒன்றும் வைத்தோம். வேலைச் சட்டைகளை இப்போது அங்கேயே தனி வாளியில் அலசுகிறார்கள். மகனுக்குப் பழைய சேலையில் தலையணை ஒன்று தைத்துக் கொடுத்தார் தாய். ஆறு மாதத்துக்குப் பின் எடுத்த சோதனையில் 38 என்பது 21 ஆக இறங்கியிருந்தது. 21-ம் குறைந்ததன்று, ஆயினும் இறங்குமுகம்.

குழாய் ஒன்று போட்டதால் கடமை தீர்ந்துவிட்டது என்று நாம் எண்ணவில்லை. அக்கொட்டகையில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களெல்லாரும் தமிழர் அல்லர். உருக்கும் புகை சுற்றிலும் உள்ள வீடுகளுக்குள்ளும் செல்கிறது. விதிப்படி நடவாத உலையை மூடச் சொல்வதா, மூடினால் அடுப்பெரியாத வீடுகளுக்கு வழி என்ன என்பது எளிய கேள்வியன்று. அதைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம். பாட்டரி, வண்ணப் பூச்சு, பற்றவைப்பு, பழைய உலோகம் ஆகிய தொழில்களில் உள்ள அன்பர்கள் தம் பிள்ளைகளோடு வர வேண்டும். இரத்தச் சோதனைக்கான செலவைத் தாங்க இயலாதவர்களுக்குச் சங்கம் துணை நிற்கும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். 'ஈயம் ஏறிய பிள்ளை' என்று ஒரு புதுப் பட்டத்தை யாரும் கண்டுபிடித்துவிடாதீர்கள். மந்தம் என்ற சொல்லைக் கைவிட்டு அதனினும் கொடிய ஒன்றைப் பிடித்துக்கொள்வதால் யாருக்கும் பயனில்லை.

பதிவேட்டில் நாம் எழுதிய அந்த வரியைச் சென்ற வாரம் அடித்துவிட்டோம். அதன் கீழே புதிதாக எழுதியிருப்பது இது: "நண்டு ஒன்று வரைந்தான், கால்களை எண்ணிப் பத்து என்றான். கால்மணி நேரம் எழுந்திருக்கவில்லை."